பேனரில் ரிட்டயர் ஆன பாத்திமா மேரி

சும்மா இருந்தால் சம்மதம் என்று அர்த்தமாம். இதைச் சொன்ன மகானைக் கடலூர் புதுப்பாளையத்துக்குக் கூட்டிவந்து, மரியலூர்து வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். பாத்திமா மேரி வாய் திறக்காமல் இருந்தால் அதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கும். சம்மதம் மட்டும் அந்த ஆயிரத்தில் இருக்காது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகியும் மரியலூர்துவுக்கு இது பிடிபடவில்லை. தான் வேலை பார்க்கும் செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனியில் எந்த வால்வைத் திறந்தால் எந்தக் குழாயில் என்ன வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவி விஷயத்தில் மட்டும் தப்பான வால்வைத்தான் திறப்பார்.

போன புதன்கிழமையும் அதுதான் நடந்தது. மேரி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது முழங்காலில் பேண்டேஜ். "பார்த்து ஆடுங்கம்மா" என்று டாக்டர் சொன்னதை, வீடு வந்து சேர்வதற்குள் "ஆடவே கூடாது" என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டு வந்திருந்தார் மரியலூர்து.

"முப்பத்தொம்போது வயசாவுது பாத்திமா. ஞாயித்துக்கெழம ஃபைனலோட நிறுத்திக்கலாம்ல? ஜெனிக்கும் ஒரு எடம் கெடைக்கும்."

மேரி பதில் சொல்லவில்லை. செதிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சீவினாள். அந்த வேகத்தை மனுஷர் கவனித்திருந்தால் இந்த வாரம் நமக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அவளுடைய கதையைப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் கடலூர் மாவட்ட கூடைப்பந்து அணியில் நுழைந்தவள். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஒரு வங்கி கூப்பிட்டு வேலை கொடுத்தது. வங்கிக்காக ஊர் ஊராகப் போய் ஆடினாள், மாநிலத்துக்கு ஆடினாள், பிள்ளை பெற்று ஏழாம் மாதமே மறுபடி கோர்ட்டில் இறங்கினாள். அவளோடு ஆரம்பித்தவர்களில் ஒருத்தி இப்போது தலைமையாசிரியை, இன்னொருத்திக்குச் சம்பந்திச் சண்டையே வந்துவிட்டது. மேரி மட்டும் இன்னும் ஷூ கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஏழு மாதக் குழந்தைதான் ஆரோக்கிய ஜெனிபர். இப்போது சிதம்பரத்தில் காலேஜ் முதல் வருஷம். போன மாதம் அதே மாவட்ட அணியில் அவளும் தேர்வானாள். வினை என்னவென்றால் அம்மா ஆடுகிற இடம்தான் மகளுக்கும். பாயின்ட் கார்டு. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். ஒரு அணிக்கு அப்படி ஒருத்தி போதும் என்பது கோச் தட்சிணாமூர்த்தியின் சித்தாந்தம். அம்மா உள்ளே என்றால் மகள் பெஞ்சில். மகள் உள்ளே என்றால் அம்மா பெஞ்சில்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? "பொண்ணோட எடத்த அம்மாக்காரி அடைச்சிக்கினு ஒக்காந்திருக்கா" என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். மேரியின் காதில் அது விழுந்தது. மரியலூர்துவின் நெஞ்சில் விழுந்தது.

2010 செப்டம்பர், கடைசி ஞாயிறு. சிதம்பரத்தில் மாநில ஃபைனல். மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததுமே மரியலூர்து பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஒரு ஃப்ரெண்டப் பாக்கணும். நீங்க பஸ்ஸுல வந்துடுங்க."

பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு மேரிக்குத் தெரியாத ஒரு ஃப்ரெண்டும் கிடையாது. இருந்தாலும் ஃபைனல் நாளில் அதைக் கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்மாவும் மகளும் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி மேரியின் முகத்தையே பார்த்தார்.

"மேடம், நீங்கதான அந்த பாஸ்கெட் பால் அம்மா?"

"ஆமா."

"காலைல ட்ரிப்புல பாத்தேன், ஊரு பூரா வெச்சிருக்காங்க. ரிட்டயர்டு ஆயிட்டீங்களாமே! வாழ்த்துக்கள் மேடம்."

"யாரு ரிட்டயர்டு?"

கண்டக்டர் அதற்குள் உதவியில் இறங்கிவிட்டார். "ஏம்மா, பச்ச சுடிதார்! கொஞ்சம் எந்திரி. ரிட்டயர்டு ஆனவங்க நிக்கறாங்கல்ல."

பச்சை சுடிதார் பதறிப்போய் எழுந்தது. மேரியைவிடப் பத்து வயதுதான் சின்னவளாக இருப்பாள், கையில் குழந்தை வேறு. மேரிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"நீ ஒக்காரும்மா. நான் நிப்பேன்."

சிதம்பரம் பஸ் நிலைய வாசலில் இறங்கியதுமே விஷயம் தெரிந்தது. தெரியாமல் போக வழியே இல்லை. பேனர் அத்தனை பெரியது.

"இருபத்து மூன்று ஆண்டுகள் களம் கண்ட சிங்கப்பெண், இன்றுடன் ஓய்வு பெறும் எங்கள் அன்பு அக்கா பாத்திமா மேரி அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." மேலே கோப்பை வழங்கப்போகும் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில் அதிபர் வைத்திலிங்கம் கும்பிட்ட கையோடு சிரித்தார். கீழே குடும்பத்தார் எல்லாம் ஆளுக்கொரு வட்டத்துக்குள். நடுவில் மேரி. அதாவது மேரியின் தலை. உடம்பு யாரோ வெளிநாட்டு ஆண்பிள்ளையுடையது. வலது புஜத்தில் ஒரு டிராகன் பச்சை குத்தியிருந்தது.

ஜெனி முதலில் டிராகனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எழுத்தைப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"யம்மா, ரிட்டயர்டுன்னு போட்டிருக்கு. எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எங்கிட்டயே இப்பத்தான் சொல்றாங்க" என்றாள் மேரி.

பேனர் அடித்தவனைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவனே ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். மேரியின் தம்பி லூயிஸ். மேலவீதியில் டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறான். காது குத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் சிதம்பரத்தில் லூயிஸ் கைபடாமல் நடக்காது. முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"எப்டிக்கா? சர்ப்ரைஸு! நாலு வீதிலயும் வெச்சிட்டேன்."

"ஒங்கிட்ட யாருடா சொன்னது, நான் நிறுத்தறேன்னு?"

"மாமாதான். நீ ஒத்துக்கிட்டன்னு புதன்கெழமையே போன் போட்டாரு. மச்சான், அக்காவ சும்மா அனுப்பக்கூடாது, ஜம்முனு அனுப்பணும்னாரு." அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. "ஏன்க்கா, ஒத்துக்கலியா?"

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"சர்ப்ரைஸ எப்டிக்கா கேட்டுட்டுப் பண்றது?"

நியாயமான கேள்விதான். மேரி மைதானத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

மைதானத்தில் பந்தல் போட்டு, ஷாமியானா கட்டி, மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. மரியலூர்து வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கண்டதும் எழுந்தார். அவள் வந்த நடையைக் கண்டதும் திரும்ப உட்கார்ந்தார்.

"நீதான் ஒண்ணும் சொல்லலியே பாத்திமா" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

"ஒண்ணும் சொல்லலன்னா, ஒண்ணும் சொல்லலன்னுதான் அர்த்தம்."

"ஒன் மூட்டுக்காகத்தான் சொன்னேன். ராவுல நீ காலப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கறத நான்தான் பாக்கறேன். ஊர்ல பேசறதும் எனக்குத்தான் கேக்குது. ஜெனிக்கும் ஒரு வழி..."

"எனக்கு எடம் வேணும்னு நான் உங்ககிட்ட கேட்டனாப்பா?"

கேட்டது ஜெனி. அதற்கு முன் அவள் குரல் உயர்த்தி மரியலூர்து கேட்டதில்லை.

"பஸ்ஸுல எந்திரிச்சிக் குடுக்கற சீட்டா இது? அம்மாவ ஆட்டத்துல முந்திட்டுத்தான் நான் உள்ள போவேன். இவங்க எந்திரிச்சிப் போனப்பறம் போய் ஒக்காந்தா அது என்னா கெலிப்பு? நாளைக்கு எல்லாரும் என்னா சொல்லுவாங்க, அம்மா வுட்டுட்டுப் போனதால பொண்ணு ஆடறான்னுதான?"

மரியலூர்து மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மேரிக்குக் கோபத்துக்கு நடுவிலும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பிடிவாதம் எந்தக் கடையிலும் கிடைக்காது, ரத்தத்தில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

இதற்குள் கோச் தட்சிணாமூர்த்தி விசிலை விரலில் சுற்றியபடி வந்தார். அவரும் பேனர் பார்த்திருந்தார். ஊரே பார்த்திருந்தது, அவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

"சொல்லவே இல்லியே மேரி. சரி, நல்லபடியா அனுப்பி வெச்சிடுவோம். மொதல்ல ஒரு அஞ்சு நிமிசம் எறங்கு. எல்லாரும் எந்திரிச்சிக் கைதட்டுவாங்க. அப்பறம் வந்து ஒக்காந்துக்க, ஜெனி ஆடட்டும்."

"சார், கெலிக்கறதுக்குக் கூப்புடுங்க, வர்றேன். கைதட்டு வாங்கறதுக்குக் கூப்புடாதீங்க."

தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். ஆனால் பத்துப் பேர் முன்னால் எதிர்த்துப் பேசினால் அந்த நல்ல மனிதர் கொஞ்ச நேரம் வெளியூர் போய்விடுவார்.

"அப்டியா? அப்ப பெஞ்சுலயே இரு. நானா கூப்புடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

ஆக, ரிட்டயர் ஆக மாட்டேன் என்று சொன்னவள், ஆட்டம் ஆரம்பிக்கும்போது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கோச் கூப்பிடாமலே போனால் பேனர் சொன்னது நிஜமாகிவிடும். இருபத்து மூன்று வருஷ ஆட்டம் இந்த மரப் பலகையில் முடிந்துவிடும். மேரிக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

எதிரே சேலத்து அணி. உயரமான பெண்கள், ஓயாமல் ஓடுகிறவர்கள். முதல் பாதியில் ஜெனி அவர்களுக்கு ஈடுகொடுத்தாள். பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து வெளியே வந்தபோது பந்தலே எழுந்து நின்றது. மேரியும் கைதட்டினாள். வஞ்சகமில்லாமல் தட்டினாள்.

மூன்றாவது கால் பகுதியில் சேலத்துக்காரர்கள் சுதாரித்தார்கள். ஜெனி கையில் பந்து வந்த மறுநொடி இரண்டு பேர் அவள் மேல் விழுந்தார்கள். பாஸ் கொடுக்க ஆள் தேடுவதற்குள் பந்து பறிபோனது. ஒருமுறை, இரண்டு முறை, நாலு முறை. சமமாக இருந்த ஸ்கோர், பகுதி முடியும்போது பதினொரு பாயின்ட் பின்னால் போயிருந்தது.

இடைவெளியில் அணி பெஞ்சைச் சுற்றிக் கூடியது. ஜெனி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். தட்சிணாமூர்த்தி மேரியைப் பார்க்காமலே பேசினார்.

"ஜெனி, நீ ஒக்காரு. மேரி, போ."

மேரி எழுந்தாள். ஜெனி உட்காரவில்லை.

"சார், இவங்க எனக்கு பதிலா வரவேணாம். என்கூட வரட்டும்."

"ஒரு ஒறைக்குள்ள ரெண்டு கத்தியா? பாயின்ட் கார்டு ஒருத்திதாம்மா."

"என்னைய ரெண்டு பேரு அடைக்கறாங்க சார். பந்தக் கொண்டுவர இன்னொரு கை வேணும். இவங்க ஓரத்துல நின்னா போதும், ஓடவே வேணாம். மூட்டும் தாங்கும்."

கோச் மேரியைப் பார்த்தார். இத்தனை நாளாக அம்மாவா மகளா என்றே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கோச், அப்பா, தாய்மாமன், கோயில் வாசல் எல்லாமே. அம்மாவும் மகளும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால் மேரிக்கே தோன்றியதில்லை.

"ஆடலாம் சார்" என்றாள் மேரி. "ஓரத்துல ஆடற சிந்துஜா நாலு ஃபவுல்ல இருக்கா, இன்னொண்ணுன்னா வெளிய. அவ கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்."

தட்சிணாமூர்த்தி விசிலை ஒருமுறை சுற்றினார். வெளியூர் போயிருந்த நல்ல மனிதர் திரும்பி வந்தார்.

"போங்க. தோத்தாலும் புதுசாத் தோப்போம்."

கடைசிப் பத்து நிமிஷத்தை எப்படி எழுதுவது? ஜெனி பந்தைக் கொண்டு வந்தாள். இரண்டு பேர் வழக்கம்போல அவள் மேல் பாய்ந்தார்கள். "மேரிக்கா!" என்று கத்திவிட்டு ஓரத்துக்குத் தள்ளினாள். கோர்ட்டுக்குள் அணியே அப்படித்தான் கூப்பிடும், மகளுக்கும் விதிவிலக்கு கிடையாது. ஓரத்தில் ஆளே இல்லாமல் நின்றிருந்த மேரி தூக்கிப் போட்டாள். மூன்று பாயின்ட்.

அடுத்த முறையும் அதே. மறுபடி மூன்று. சேலத்துக் கோச் ஒருத்தியை மேரியிடம் அனுப்பினார். அனுப்பியதும் ஜெனிக்கு வழி திறந்தது, உள்ளே புகுந்து போட்டாள். ஜெனியை அடைத்தால் மேரி, மேரியை அடைத்தால் ஜெனி. பந்தலில் விசில் பறந்தது. ரைஸ் மில் வைத்திலிங்கம் மடியில் வைத்திருந்த சால்வை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டே பார்த்தார்.

மைக் பிடித்தவர் மட்டும் பேனரை நம்பிக்கொண்டிருந்தார். "இன்றுடன் ஓய்வு பெறும் பாத்திமா மேரி அவர்கள் மேலும் ஒரு கூடை!" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "யோவ், இந்த ஆட்டத்துக்கு எதுக்குய்யா ரிட்டயர்டு?" என்று சத்தம் போட்டார்.

ஆட்டம் முடிய ஆறு நொடி. கடலூர் ஒரே ஒரு பாயின்ட் பின்னால். பந்து மேரி கையில். போடுவது போல் காட்டிவிட்டு உள்ளே ஒரு அடி வைத்து எழும்பினாள். சேலத்தின் நெட்டைப் பெண் ஒருத்தி அவசரத்தில் அவள் மேல் முழுசாக மோதினாள். விசில். ஃபவுல். மேரி வலது முழங்காலை மடித்துக் கீழே விழுந்தாள்.

பந்தல் அப்படியே அடங்கியது.

மரியலூர்து நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போனது. "பாத்திமா! பாத்திமா!" என்று அலறிக்கொண்டே ஓடினார். இந்த உலகத்தில் அந்த மூட்டுக்காக அவரைப் போலக் கவலைப்பட்டவர் எவரும் இல்லை, அந்த மூட்டுக்கு உரியவள் உட்பட.

ஜெனி திரும்பினாள். கோர்ட்டின் கோட்டை நோக்கி அப்பா வருவதைப் பார்த்தாள். கூடைப்பந்தில் ஒரு சட்டம் உண்டு. அடிபட்டவளுக்கு உதவி செய்ய வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்துவிட்டால் அவள் வெளியே போயே தீர வேண்டும். ஃபவுலுக்காக அவளுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும், அதாவது யாரும் மறிக்காமல் கூடையில் போடும் பந்துகளை, வேறொருத்திதான் போட வேண்டும்.

"அப்பா! நில்லுங்க!"

அவர் நிற்கவில்லை.

"உள்ள வந்தீங்கன்னா அம்மாவ வெளிய அனுப்பிடுவாங்கப்பா! நில்லுங்க!"

வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மரியலூர்துவின் கால் நின்றது. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. பின்னாலேயே ஓடி வந்த லூயிஸ் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே மனைவி தரையில் கிடக்கிறாள். நாலே அடி. கை நீட்டினால் தூக்கிவிடலாம். தூக்கினால் அவள் ஆட்டம் முடிந்தது. தன் வாழ்நாளில் மரியலூர்து செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான். அவர் சும்மா நின்றார்.

மேரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோட்டருகே ஒற்றைச் செருப்போடு நிற்கும் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, கால் மட்டும் கோட்டைத் தாண்டவில்லை.

கையை ஊன்றினாள். இடது காலில் பாரத்தைப் போட்டு எழுந்தாள். வலது காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள். வலித்தது, ஆனால் வழக்கமாக வலிப்பதுதான். நடுவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அப்போது எழுந்த சத்தம் நடராசர் கோயில் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மேரியின் ஃப்ரீ த்ரோ ஒரு தினுசு. இரண்டு கையாலும் பந்தை வயிற்றருகே பிடித்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, மேலே தூக்கிவிடுவாள். பள்ளியில் ஒரு சிஸ்டர் கற்றுக்கொடுத்தது. இந்தக் காலத்துப் பெண்கள் யாரும் அப்படிப் போடுவதில்லை. சேலத்து பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது. சமம். சிரித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது பந்து வளையத்தில் ஒருமுறை குதித்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்தது. பிறகு உள்ளே விழுந்தது.

ஒரு பாயின்ட் முன்னால். இன்னும் ஆறு நொடி பாக்கி. சேலத்துப் பெண்கள் பந்தை வேகமாக முன்னே வீசினார்கள். பாஸ் எங்கே போகும் என்று ஜெனி முன்பே படித்துவிட்டாள். குறுக்கே பாய்ந்து பந்தைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உருண்டாள். மணி அடித்தது.

அதற்கப்புறம் கோர்ட்டுக்குள் யார் வரலாம் யார் வரக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. எல்லோரும் வந்தார்கள். சிந்துஜா அழுதாள். தட்சிணாமூர்த்தி விசிலை ஊதிக்கொண்டே ஓடினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. லூயிஸ் அக்காவைத் தூக்கப் பார்த்து, முடியாமல் ஜெனியைத் தூக்கினான்.

கோப்பையோடு சால்வையும் மேடைக்கு வந்தது. மைக் பிடித்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அடுத்ததாக, இன்றுடன் ஓய்வு..." என்று ஆரம்பிப்பதற்குள் மேரி மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் மேடையில் பேசியதே கிடையாது.

"இந்தச் சால்வைய நான் வாங்கிக்கறேன். கெலிச்சதுக்காக வாங்கிக்கறேன். என் தம்பி ஆசையா பேனர் வெச்சான், எங்க ஊட்டுக்காரரு ஆசையா வெக்கச் சொன்னாரு. ரெண்டு பேரு மேலயும் எனக்குக் கோவமில்ல. ஆனா ரிட்டயர்மென்ட்டு என்னோடது. அத நான் சொல்லும்போதுதான் நடக்கும். இன்னிக்கி நான் சொல்லல."

கைதட்டு அடங்க வெகு நேரமானது. வைத்திலிங்கம் சால்வையைப் போர்த்திவிட்டு, "அடுத்த வருசமும் நான்தாம்மா கப்பு தர்றேன், வந்துடணும்" என்றார். மேடைக்குக் கீழே லூயிஸ், "ஓய்வு-ன்ற எடத்துல மட்டும் ஒரு ஸ்டிக்கர் அடிச்சி ஒட்டிடவா மாமா?" என்று கவலையாகக் கேட்டான். மரியலூர்து அவன் தலையில் ஒன்று வைத்தார்.

கூட்டம் கலையும்போது ஒரு அம்மாள் அவர்களிடம் வந்தார். சவரியம்மாள், மாநில அணித் தேர்வுக்குழுவில் இருப்பவர். ஒரு காலத்தில் மேரியோடு ஒரே அறையில் தங்கி ஆடியவர். மேரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் சென்னைல ட்ரயல்ஸ். நேஷனல்ஸ் டீமுக்கு ஒரே ஒரு கார்டு எடம்தான் காலி. கடலூர்லேருந்து ஒரு பேரு குடுக்கணும்னு வந்தேன். வந்து பாத்தா ரெண்டு பேரு நிக்கறீங்க. ஒரே எடம்தான் மேரி. யாரு வர்றீங்க?"

மரியலூர்து வாயைத் திறந்தார். பழக்கதோஷம். உடனே மூடிக்கொண்டார்.

"நான்" என்றாள் மேரி.

"நான்" என்றாள் ஜெனி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

சவரியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு எடம்னு சொன்னேனே?"

"கேட்டுச்சு மேடம். ரெண்டு பேரும் வர்றோம். யாரு நல்லா ஆடறாங்களோ அவங்கள எடுத்துக்கங்க" என்றாள் ஜெனி.

மேரி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். மூட்டு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

"பொண்ணாச்சேன்னு வுட்டுக்குடுப்பேன்னு நெனைக்காத."

"வுட்டுக்குடுத்தீங்கன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்."

மரியலூர்து ஒற்றைச் செருப்போடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அது சரி, சென்னைல வந்து நான் யாருக்குக் கைதட்டறது?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

மேரி பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அத நீங்களே முடிவு பண்ணிக்கங்க. இத்தன நாளா எங்களோடதயும் சேத்து நீங்கதான முடிவு பண்ணீங்க?"